வைட் லென்ஸ்ல மூலை ஏன் இருட்டுது? அடிக்கடி கேக்கற கேள்விகளும் பதிலும்

சேலத்துல கல்யாண வேலை, ஏற்காட்டுல எஸ்டேட் பங்களா, ரிசார்ட் ரூம்னு நான் பாதி நாள் வைட் லென்ஸ (ரொம்ப அகலமா காட்டற லென்ஸ்) மாட்டிக்கிட்டே சுத்தறவன். புதுசா வைட் வாங்கின தம்பிங்க தங்கச்சிங்க ரெண்டாவது வாரமே போன் போட்டு கேக்கறது இந்த மூலை இருட்டு பத்தித்தான், விக்னெட்டிங்னு சொல்லுவாங்க. ஒவ்வொருத்தருக்கும் தனித்தனியா சொல்றதுக்கு இங்க மொத்தமா எழுதிடறேன். காய்ச்சல் மாதிரிங்க இது. வெளிய பாத்தா எல்லாருக்கும் உடம்பு சுடத்தான் செய்யும், உள்ள காரணம் நாலஞ்சு இருக்கும். காரணம் தெரியாம லைட்ரூம்ங்கற எடிட்டிங் சாஃப்ட்வேர்ல ஸ்லைடர இழுத்தா அது மாத்திரை போட்டு அமுக்கற கதைதான்.

அண்ணா, லென்ஸ் புது பீஸ், நாலு மூலையும் கருப்படிக்குது. டிஃபெக்டா, மாத்திக் கேக்கலாமா?

நாலு மூலையும் ஒரே அளவுக்கு, நடுவுல இருந்து மெதுவா மங்கிட்டே போற மாதிரி இருந்தா டிஃபெக்ட் இல்லீங்க, வைட் லென்ஸோட சுபாவம் அது, எத்தனை ஆயிரம் குடுத்து வாங்கினாலும் கொஞ்சம் இருக்கும். ஒரு மூலை மட்டும் ரொம்ப இருட்டு, எதிர் மூலை நல்லா இருக்குன்னாதான் சந்தேகப்படணும், அப்பவும் மொதல்ல ஹூடும் ஃபில்டரும் கோணலா மாட்டியிருக்கான்னு கழட்டிட்டு ஒரு ஷாட் எடுத்துப் பாருங்க. ஃப்ளாஷ் போட்டு எடுத்ததுல ஒரு பக்கம் பட்டையா கருப்பு விழுந்திருந்தா லென்ஸுக்கும் அதுக்கும் சம்பந்தமே கிடையாது, ஷட்டர் ஸ்பீட கேமராவோட சிங்க் ஸ்பீடுக்கு (ஃப்ளாஷோட ஒத்துப்போற உச்ச வேகம்) மேல வச்சிருப்பீங்க, 1/200 செகண்டுக்கு கீழ இறக்கிப் பாருங்க.

அது ஏன் வைட்ல மட்டும் இவ்வளவு? என் 50 எம்எம்ல இப்படி தெரியலையே?

50லயும் இருக்குங்க, கம்மியா இருக்கறதால கண்ணுக்குப் படல. வெளிச்சம் லென்ஸ் வழியா வந்து சென்சார் நடுவுல விழறப்ப நேரா விழுது, மூலைக்குப் போறப்ப சாய்ஞ்சு போகுது. சாய்ஞ்சு போறதுல மூணு நஷ்டம். ஒண்ணு, தூரம் ஜாஸ்தி, தூரம் கூடக் கூட வெளிச்சம் வர்க்கக் கணக்குல குறையும். ரெண்டு, மூலையில இருந்து பாத்தா அப்பெர்ச்சர் ஓட்டை வட்டமா தெரியாது, டம்ளர சாய்ச்சா வாய் முட்டை வடிவமா தெரியுமே அப்படித் தெரியும், ஓட்டை சின்னதானா வெளிச்சமும் கம்மி. மூணு, சாயங்கால வெயில் தரையில நீளமா பரவி மங்குற மாதிரி, சாய்ஞ்சு விழற வெளிச்சம் சென்சார்ல பரவி மங்கிடும். இத எல்லாம் பெருக்கினா கோணத்தோட கொசைன நாலு தடவை பெருக்கின கணக்கு வரும், அதைத்தான் காஸ் ஃபோர் விதின்னு சொல்றாங்க.

ஃபுல் ஃப்ரேம்ல, அதாவது 36க்கு 24 எம்எம் சென்சார்ல, இந்தக் கணக்குப்படி கடைசி மூலையில எவ்வளவு போகும்னா, 50 எம்எம்ல அரை ஸ்டாப், 35ல கிட்டத்தட்ட ஒரு ஸ்டாப், 24ல ஒன்றே முக்கால், 20ல ரெண்டே கால். ஒரு ஸ்டாப்னா பாதி வெளிச்சம், அப்ப 20 எம்எம்ல மூலைக்கு நடுவுல விழறதுல கால் பங்குக்கும் கீழதான் போய்ச் சேருது.

இது வெறும் கணக்கு மட்டும்தான், நிஜ லென்ஸ் இதவிட கொஞ்சம் நல்லாவே இருக்கும். எஸ்எல்ஆர் கேமராவுல உள்ள இருக்கற மிரர் மேல கீழ ஆடறதுக்கு இடம் வேணும்கறதால லென்ஸோட பின் கண்ணாடி சென்சார விட்டு தள்ளி இருக்கணும், அதுக்காக வந்ததுதான் ரெட்ரோஃபோகஸ் அமைப்பு, பிரெஞ்சு கம்பெனி ஆஞ்சநியூ 1950ல 35 எம்எம்ல கொண்டு வந்துச்சு. அந்த அமைப்புல வெளிச்சம் சென்சாருக்கு வர்ற கோணம் அவ்வளவு சாயாது, அதனால மூலை கொஞ்சம் தப்பிச்சுக்கும். அதுக்கும் முன்னாடியே 1940கள்ல ரஷ்யாவுல ருசினோவ்ங்கறவரு, மூலையில இருந்து பாத்தாலும் ஓட்டை பெருசா தெரியற மாதிரி முன்னாடியும் பின்னாடியும் பெரிய கண்ணாடிய வளைச்சு வச்சு டிசைன் பண்ணினாரு. இன்னைக்கு 14, 16 எம்எம் லென்ஸோட முன் கண்ணாடி முட்டை மாதிரி புடைச்சுக்கிட்டு நிக்கறதப் பாத்தா எனக்கு அவரு ஞாபகம்தான் வரும்.

எஃப் 1.8ல ரொம்ப இருட்டு, எஃப் 5.6ல காணாமப் போயிடுது. எப்படி?

எஃப் நம்பர் ஏற ஏற அப்பெர்ச்சர் ஓட்டை சின்னதாகும். இது வேற காரணம், இத வளையல் வச்சு வீட்லயே பாத்துடலாம். ஒரே அளவு வளையல் ரெண்டு எடுத்து ஒண்ணுக்குப் பின்னாடி ஒண்ணு நாலு விரல் இடைவெளி விட்டுப் பிடிங்க. நேரா பாத்தா முழு வட்டம் தெரியும். கொஞ்சம் பக்கவாட்டுல சாய்ச்சுப் பாருங்க, ரெண்டு வட்டமும் வெட்டிக்கிட்டு நடுவுல கண்ணு வடிவத்துல சின்ன சந்துதான் மிஞ்சும். லென்ஸ் குழாயோட முன் வாயும் பின் வாயும் அந்த ரெண்டு வளையல், மூலைக்குப் போற வெளிச்சத்த அந்த விளிம்பு வெட்டுது. நைட்ல எடுத்தா ஓரத்துல இருக்கற லைட்டெல்லாம் உருண்டையா இல்லாம பூனைக்கண்ணு மாதிரி வருதே, அது இந்த வெட்டுதான்.

இப்ப அதே ரெண்டு வளையலுக்கு நடுவுல ஒரு மோதிரத்தப் பிடிச்சுட்டு சாய்ச்சுப் பாருங்க. மோதிரம் முழுசா தெரியும், வளையல் விளிம்பு அதத் தொடாது. அப்பெர்ச்சர மூடறதுன்னா அந்த மோதிரத்த நடுவுல வைக்கறதுதான், அதனாலதான் ரெண்டு மூணு ஸ்டாப் மூடினா மூலை பளிச்சுனு ஆயிடுது. முன்ன சொன்ன காஸ் ஃபோர் இருட்டு மட்டும் எத்தனை மூடினாலும் அப்படியே நிக்கும், அதுக்கு அப்பெர்ச்சர் மருந்து கிடையாது.

என் லென்ஸ்ல எது எவ்வளவுன்னு டெஸ்ட் பண்றது எப்படி?

ஒரே சீரா வெளிச்சம் விழற, டிசைன் எதுவும் இல்லாத பரப்பு வேணும். நான் இதக் கத்துக்கிட்ட இடம் ஆத்தூர் ரோட்டுல ஒரு சேகோ ஃபேக்டரி களம். குச்சிக்கிழங்கு மாவ சிமெண்ட் தரையில பரப்பி காயப்போட்டிருந்தாங்க, உச்சி வெயில், கண்ணு கூசற வெள்ளை, ஒருத்தரு பலகையால தள்ளிக்கிட்டே போறாரு, பின்னாடி கோடு கோடா விழுது. மாடியில இருந்து 20 எம்எம்ல எஃப் 1.8ல எடுத்தேன். ஸ்க்ரீன்ல பாத்தா நடுவுல வெள்ளை மாவு, ஓரத்துல சாம்பல் நிற மாவு, ஏதோ ரெண்டு தரம் கலந்து காயப்போட்ட மாதிரி இருந்துச்சு. ஃபேக்டரிக்காரரு எட்டிப் பாத்துட்டு "ஏனுங்க, எங்க மாவு பழுப்பா இருக்குதுங்க?"ன்னு பதறிட்டாரு. அவருக்கு வெள்ளைதான் வியாபாரமே. அப்புறம் எஃப் 8 வச்சு எடுத்துக் காமிச்சதும்தான் முகம் தெளிஞ்சுது.

உங்களுக்கு களம் கிடைக்கலைன்னா மேகமூட்டமான வானம் போதும், இல்ல ஏற்காட்டுல மூடுபனி இறங்கி எதிர்ல இருக்கற மரமே தெரியாத காலையில எடுங்க, அத விட நல்ல சாம்பல் சுவரு எங்கயும் கிடைக்காது. ஃபோகஸ மேனுவல்ல போட்டு இன்ஃபினிட்டில வைங்க, ஃபில்டர் ஹூட் ரெண்டையும் கழட்டுங்க, கேமராவுல இருக்கற ஆட்டோ கரெக்ஷன ஆஃப் பண்ணிட்டு ராவுல (கேமரா திருத்தாத மூலப் படம்) எடுங்க. லென்ஸ் எதுல ஆரம்பிக்குதோ அதுல இருந்து ஒவ்வொரு ஸ்டாப்பா 8 வரைக்கும் ஒரு ஷாட், ஷட்டர மட்டும் அதுக்கேத்த மாதிரி மாத்திக்கிட்டே வாங்க. மூடமூட குறையறது லென்ஸ் குழாய் வெட்டு, கடைசில மிச்சம் நிக்கறது காஸ் ஃபோர். அதே வரிசைய ஃபில்டர், ஹூட் மாட்டிட்டு இன்னொரு தடவை எடுங்க, புதுசா ஏதாவது வந்திருந்தா அது நீங்க மாட்டினது.

மூடமூட எனக்கு இன்னும் கருப்பா, கத்தரிச்ச மாதிரி தெரியுதே?

கண்டுபிடிச்சிட்டீங்க, அது ஃபில்டர் இல்லன்னா ஹூட். லென்ஸ் முன்னாடி நீட்டிக்கிட்டு இருக்கற வளையம் அப்பெர்ச்சர் திறந்திருக்கறப்ப அவுட் ஆஃப் ஃபோகஸ்ல கரைஞ்சு மங்கலா நிழலா தெரியும், மூடினா அதே விளிம்பு தெளிவாகி அப்பட்டமான கருப்பு முக்கோணமா வந்து நிக்கும். ஜூம்ல 16ல இருந்து 18க்கு நகர்த்தினதும் சட்டுனு காணாமப் போச்சுன்னா சந்தேகமே வேண்டாம்.

இதுல நான் பட்டத சொல்றேன். ஒரு கல்யாணம், காலையில வெளிய எடுத்தப்ப யூவி ஃபில்டர் மேலயே போலரைஸர (பளபளப்பக் குறைக்கற ஃபில்டர்) மாட்டியிருந்தேன், மண்டபத்துக்குள்ள வந்ததும் கழட்ட மறந்துட்டேன். மேடை சின்னது, பொண்ணு வீட்டு சொந்தம் முழுக்க ரெண்டு வரிசையா ஏறி நிக்கறாங்க, பின்னாடி போக இடமில்ல, 16 எம்எம் வச்சு எஃப் 8ல அடிச்சேன். வ்யூஃபைண்டர்ல ஒண்ணும் தெரியல, ஏன்னா அந்த கேமராவுல வ்யூஃபைண்டர் 95 சதவீதம்தான் காட்டும், அதுவும் அப்பெர்ச்சர் திறந்த நிலையில. வீட்ல வந்து பெருசா போட்டுப் பாத்தா வரிசையோட ஒரு கோடியில நின்ன பாட்டி முகத்துல பாதி கருப்பு. மத்த மங்கலையாவது தூக்கிடலாம், இங்க வெளிச்சமே உள்ள வரல, தூக்க ஒண்ணுமில்ல. ரெண்டு மாசத்துல அந்தப் பாட்டி தவறிட்டாங்கன்னு அவங்க பேரன் போன் பண்ணி அந்த போட்டோவத்தான் கேட்டாரு. அன்னைல இருந்து வைட்ல ஒரு ஃபில்டருக்கு மேல இன்னொண்ணு நான் வைக்கறதே இல்ல.

ஃபில்டர் கட்டாயம் வேணும்னா மெலிசான ஸ்லிம் ஃபில்டர் வாங்குங்க. இல்ல லென்ஸ் 77 எம்எம்னா ஒரு ஸ்டெப்அப் ரிங் போட்டு 82 எம்எம் ஃபில்டர் மாட்டுங்க, வளையம் பார்வைக்கு வெளிய போயிடும். சதுர ஃபில்டர் ஹோல்டர்ல சின்ன சைஸ் வைட்டுக்கு ஆகாது, 100 எம்எம் சிஸ்டம் எடுங்க, அதுலயும் தேவையில்லாத ஸ்லாட்ட கழட்டி வச்சிடுங்க. ஹூட் விஷயத்துல ஒரே வார்த்தை: இதழ் இதழா இருக்கற ஹூட் டிக்குனு சத்தம் வர்ற வரைக்கும் திருகலைன்னா நீளமான இதழ் மூலைக்கு வந்துடும்.

போலரைஸர் ஒண்ணுதான் மாட்டினேன், ஆனா ஏற்காடு பகோடா பாயிண்ட்ல வானம் ஒரு பக்கம் கருநீலம் ஒரு பக்கம் வெளுப்பு. இதுவும் விக்னெட்டிங்தானா?

இல்லீங்க, இது வானத்தோட வேலை. சூரியனுக்கு 90 டிகிரியில இருக்கற வானத்துலதான் போலரைஸர் ரொம்ப வேலை செய்யும், மத்த இடத்துல கம்மி. 16 எம்எம் குறுக்குவாட்டுல 97 டிகிரி கிட்ட பாக்குது, அவ்வளவு அகலத்துல அந்த கருநீலப் பட்டை உள்ள வந்துதான் தீரும், மூலைல வந்து உக்காந்துச்சுன்னா விக்னெட்டிங்னே தோணும். ஆள்காட்டி விரல சூரியன நோக்கி நீட்டி, கட்டைவிரல செங்குத்தா வச்சுக்கிட்டு மணிக்கட்ட திருப்புங்க, கட்டைவிரல் காட்டற இடமெல்லாம் அந்தப் பட்டை. 24க்கு கீழ வானத்தோட எடுக்கறப்ப போலரைஸர கழட்டி பைல போடறதுதான் என் பழக்கம். கிள்ளியூர் அருவி பாறை, மழை நனைச்ச காப்பி இலைன்னு வானம் இல்லாத ஃப்ரேம்ல தாராளமா போடுங்க, இலை மேல இருக்கற பளபளப்பு போய் உள்ளாற பச்சை தெரியும்.

ஃப்ளாஷ் போட்டா மட்டும் ஓரத்துல நிக்கறவங்க இருட்டா வர்றாங்க?

ஃப்ளாஷ் வெளிச்சம் அவ்வளவு அகலமா விரியல, அவ்வளவுதான். பல ஃப்ளாஷோட ஜூம் தலை 24 எம்எம் வரைக்கும்தான் விரியும். தலைக்குள்ள இருந்து இழுக்கற மாதிரி ஒரு ப்ளாஸ்டிக் தகடு இருக்கும், அத இழுத்து முன்னாடி மடக்கினா 14 எம்எம் வரைக்கும் சமாளிக்கும், ஆனா பவர் குறையும். மண்டபத்துல வெள்ளை சீலிங் இருந்தா மேல பாத்து பவுன்ஸ் பண்ணிடுங்க.

என் பழைய கிராப் கேமராவோட (சின்ன சென்சார்) வைட் லென்ஸ ஃபுல் ஃப்ரேம் பாடில மாட்டலாமா?

மாட்ட முடிஞ்சாலும் வட்டமா படம் விழுந்து சுத்தி கருப்பாதான் இருக்கும், ஏன்னா அந்த லென்ஸ் 28 எம்எம் மூலைவிட்டம் இருக்கற சென்சாருக்கு செஞ்சது, இங்க 43 எம்எம் வேணும். பல பாடி தானாவே கிராப் மோடுக்கு மாறி நடுப்பாகத்த மட்டும் எடுத்துக்கும், அப்ப 24 மெகாபிக்ஸல் சுமார் பத்தாயிடும். தலைகீழா, ஃபுல் ஃப்ரேம் லென்ஸ கிராப் பாடில போட்டா லென்ஸோட நடுப்பாகம்தான் பயன்படும், மூலை இருட்டு பெருசா இருக்காது.

கேமராவுலயே சரி பண்ற ஆப்ஷன் இருக்கே, அத ஆன் பண்ணிட்டு விட்டுடலாமா?

கேனான்ல பெரிஃபெரல் இல்லுமினேஷன், நிக்கான்ல விக்னெட் கண்ட்ரோல், சோனில ஷேடிங் காம்பென்சேஷன்னு இருக்கும். ஜேபெக்தான் குடுக்கப் போறீங்கன்னா ஆன்லயே வைங்க, நல்லாவே பண்ணும். ராவுல எடுத்தா லைட்ரூம்ல லென்ஸ் கரெக்ஷன்ல ப்ரொஃபைல (உங்க லென்ஸோட திருத்தக் கணக்கு) டிக் பண்ணுங்க, டார்க்டேபிள்ங்கற சாஃப்ட்வேர் காரங்களுக்கு லென்ஸ்ஃபன் டேட்டாவுல இருந்து அதே வேலை நடக்கும்.

ஆனா ஒண்ணு தெரிஞ்சுக்கணும், சாஃப்ட்வேர் வெளிச்சத்தக் கொண்டு வந்து போடறதில்ல, இருக்கற கொஞ்சத்தப் பெருக்குது. மூலைய ரெண்டு ஸ்டாப் தூக்கினா ஐஎஸ்ஓ 1600ல எடுத்த படத்துக்கு மூலை மட்டும் 6400 மாதிரி மணல் மணலா நிக்கும். வெயில்ல ஐஎஸ்ஓ 100ல யாருக்கும் தெரியாது. ஆடி மாசம் கோட்டை மாரியம்மன் பண்டிகை ராத்திரில, சீரியல் லைட்டும் இருட்டும் கலந்த கூட்டத்துல கண்டிப்பா தெரியும். அந்த மாதிரி இடத்துல முழுசா தூக்காம பாதி தூக்குங்க, ப்ரொஃபைலுக்குக் கீழயே விக்னெட்டிங்னு ஒரு அளவு இருக்கும், 100ல இருந்து 50க்கு இறக்கினா போதும்.

என்கிட்ட இருக்கறது பழைய மேனுவல் லென்ஸ், ப்ரொஃபைல் லிஸ்ட்லயே இல்ல.

நீங்களே செஞ்சுக்கலாம். பால் வெள்ளை அக்ரிலிக் தகடு ஒண்ணு, போர்டு செய்யற கடையில துண்டு கேட்டா கிடைக்கும், லென்ஸ் வாய மூடி வச்சு சீரான வானத்தப் பாத்து ஒரு ஷாட் எடுங்க. அதே அப்பெர்ச்சர், அதே ஃபோகஸ், ஜூம்னா அதே எம்எம்ல எடுக்கணும், மாறினா பிரயோஜனமில்ல. அந்த வெள்ளைப் படத்துல உங்க லென்ஸோட இருட்டு மட்டும் பதிஞ்சிருக்கும், ராதெரபிங்கற சாஃப்ட்வேர்லயோ லைட்ரூம் கிளாசிக்லயோ இருக்கற ஃப்ளாட் ஃபீல்டு கரெக்ஷன்ல அதக் குடுத்தா நிஜப் படத்த அந்த வெள்ளைப் படத்தால வகுத்து மூலைய சரியா தூக்கிடும். பழைய ரேஞ்ச்ஃபைண்டர் வைட் லென்ஸ் சிலதுல பின் கண்ணாடி சென்சார ஒட்டி இருக்கும், மூலைல இருட்டோட ஒரு செவ்வூதா சாயமும் ஏறும், அதுக்கும் இந்த வழிதான் பிடிபடும்.

பெரிய ஃபிலிம் கேமரா காலத்துல இதுக்கு சென்டர் ஃபில்டர்னு ஒண்ணு வச்சிருந்தாங்க, நடுவுல கருப்பா ஓரத்துல தெளிவா இருக்கற கண்ணாடி. நடுவ மங்க வச்சு மூலையோட சமன் பண்ற யோசனை. ஒன்றரை, ரெண்டு ஸ்டாப் வெளிச்சம் அதுலயே போயிடும், ஆனா படம் எடுக்கறப்பவே சரியாயிடுது. எனக்குப் பிடிச்ச யோசனை அது, இன்னைக்கு நம்ம கேமராவுக்கு தேவைப்படாது.

மொபைல்ல 0.5ல எடுத்தா இருட்டே இல்லையே, அப்ப மொபைலே மேலா?

மொபைல் உள்ளயே திருத்திட்டுத்தான் படத்தக் காட்டுது. ராத்திரில 0.5ல எடுத்த படத்தோட மூலைய பெருசாக்கிப் பாருங்க, கொழகொழன்னு நீர்விட்ட ஓவியம் மாதிரி இருக்கும்.

அப்படியே விட்டா அழகா இருக்குன்னு சிலர் சொல்றாங்க. நீங்க என்ன பண்ணுவீங்க?

விடற இடத்துல விடுவேன். சேர்வராயன் கோயிலுக்குப் போற வழில எஸ்டேட்டுக்குள்ள ஒரு மண் பாதை, ரெண்டு பக்கமும் சில்வர் ஓக்கு, அதுல மிளகுக் கொடி, கீழ காப்பிச் செடி, நடுவுல மட்டும் பனி வெளுப்பு. அங்க மூலை இருட்டு பார்வைய பாதைக்குள்ள இழுத்துட்டுப் போகும், சரி பண்ணினா படம் தட்டையாயிடும். ரிசார்ட் ரூம், கட்டடம், தாரமங்கலம் கோயில் தூண் சிற்பம், க்ரூப் போட்டோ இதுலெல்லாம் விடவே மாட்டேன். கல்லு எல்லா இடத்துலயும் ஒரே கல்லுதான், சிற்பி செதுக்கினது ஓரத்து தூண்லயும் அதே உழைப்புதான், நம்ம லென்ஸால அது மங்கக் கூடாது. எடிட்டிங்ல வேணும்னே இருட்டு ஏத்தறவங்களுக்கு ஒரு வேண்டுகோள், மொதல்ல லென்ஸ் இருட்ட எடுத்துட்டு அப்புறம் க்ராப் பண்ணி, அதுக்கும் அப்புறம் ஏத்துங்க, இல்லன்னா இருட்டு ஒரு பக்கம் சாஞ்சு அசிங்கமா நிக்கும்.

ஏற்காடு லேடீஸ் சீட்ல இருந்து ராத்திரி சேலம் முழுக்க பனோரமா எடுத்தேன், வானத்துல வரிசையா கருப்புப் பட்டை விழுது.

ஒவ்வொரு படத்தோட மூலை இருட்டும் பக்கத்துப் படத்தோட மூலை இருட்டும் ஒட்டற இடம்தான் அந்தப் பட்டை. ஒட்டறதுக்கு முன்னாடியே எல்லா ராவுக்கும் ப்ரொஃபைல் போட்டுடணும், ஒட்டினதுக்கு அப்புறம் எடுக்கவே முடியாது. எடுக்கறப்ப மேனுவல் எக்ஸ்போஷர், வொயிட் பேலன்ஸ் லாக், கேமராவ செங்குத்தா வச்சு 35 எம்எம் இல்ல 50 எம்எம், ஒவ்வொரு படமும் மூணுல ஒரு பங்காவது முன்ன எடுத்தது மேல ஏறணும். ட்ரைபாட் இருக்கறப்ப எஃப் 1.8க்கு வேலையே இல்ல, 5.6ல வச்சு பத்து பதினஞ்சு செகண்டு குடுங்க, கீழ இருக்கற லைட்டு எங்கயும் ஓடிடாது. ஹகின்னு இலவச சாஃப்ட்வேர் இருக்கு, அதுல ஃபோட்டோமெட்ரிக் ஆப்டிமைஸ் குடுத்தா ஒண்ணு மேல ஒண்ணு ஏறின பாகத்த ஒப்பிட்டுப் பாத்து லென்ஸ் இருட்ட அதுவே கணக்குப் போட்டு எடுத்துடும், ப்ரொஃபைல் இல்லாத லென்ஸுக்கு ரொம்ப உபயோகம். பால்வீதி எடுக்கப் போறவங்களுக்கு மட்டும் மூடற வசதி கம்மி, அவங்க 1.4 லென்ஸா இருந்தா 2 இல்ல 2.8க்கு இறக்கிட்டு, கெளம்பறதுக்கு முன்னாடி லென்ஸ் வாய்ல வெள்ளை பனியன் துணிய இழுத்துக் கட்டி, விடியற வெளிச்சத்தப் பாத்து அதே செட்டிங்ல ஃப்ளாட் ஷாட் (முன்ன சொன்ன வெள்ளைப் படம்) பத்து பதினஞ்சு எடுத்துட்டு வாங்க. ஃபோகஸ் ரிங்க அதுக்கு முன்னாடி திருகிடாதீங்க, டேப் போட்டு ஒட்டிடுங்க.